கணக்கெடுக்க வருவதானால் ஐப்பசியிலும் வாருங்கள்

முதியோருக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டங்களை மதிப்பிடும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 78. நான் திருப்பூரில். என்னோடு வந்துவிடச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், திண்ணையை விட்டு அசையமாட்டார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அதற்காக பஸ் ஏறும் வேலை இல்லை. 70 வயதைக் கடந்தவர்களுக்கென்று 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் வாசலுக்கே வருகிறது. நல்ல காரியங்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை வீடு போனோம், எத்தனை அட்டை மாத்திரை கொடுத்தோம் என்பதெல்லாம் போய்வந்த கணக்குதானே? அம்மா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து கொல்லைக்குப் போகிறாரா, போன வருஷம் தூக்கிய குடத்தை இப்போதும் தூக்குகிறாரா, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஒரு தனியார் கம்பெனியில் பணம் கட்டி, விழுந்தால் அழுத்துகிற பொத்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், கழுத்தில் மாட்டுவது. "அரிக்குதுடா" என்று காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோதும் அது ஆணியில்தான் பச்சை விளக்கோடு தொங்கியது. அந்த மாதம் கம்பெனி அனுப்பிய அறிக்கையில், கருவி சீராக இயங்குகிறதாம்!

தூக்கிவிட்டது அடுத்த வீட்டு அக்கா. அன்றைக்கு அவர் வீட்டிலிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் பகலில் தெருவில் ஆள் இருக்காது, எல்லாரும் வயலில். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை, கரண்ட் போய்விடும், போனில் சார்ஜ் இருக்காது, கொல்லை முழுக்கச் சேறு. சித்திரையில் வந்து எடுக்கிற கணக்கில் இதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால் ஒரே வீட்டுக்குச் சித்திரை, ஐப்பசி என்று இரண்டு பருவத்திலும் வாருங்கள், அம்மாவிடமே கேளுங்கள், கூலி இல்லாமல் பாதி வேலை பார்க்கிற அந்த அக்காவிடமும் கேளுங்கள். கேள்வித்தாளில் அக்காவுக்கு ஒரு வரிகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

வருகிறபோது வாசலில் நின்று கூப்பிடாதீர்கள், அம்மாவுக்குக் காது மந்தம். கொல்லை வழியாக வாருங்கள், கிணற்றடியில் பார்த்துக் கால் வையுங்கள்.