குறியீடு ‘திருப்திகரம்’, ஈயத்தை அளந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அன்றாடக் காற்றுத் தரக் குறியீடு ‘திருப்திகரம்’ என்று காட்டினால், அந்த ஊர்க் காற்றில் ஈயம் இல்லை என்று பொருளல்ல. மூன்று மாசுகளின் அளவு கிடைத்தாலே குறியீட்டைக் கணக்கிட்டுவிடலாம். அதில் ஒன்று நுண்தூசியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈயத்தை அறிய, 24 மணி நேரத் தூசியை வடிதாளில் பிடித்து, பெரும்பாலும் அமிலத்தில் கரைத்து, ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2009 காற்றுத் தரநிலைப்படி ஒரு கனமீட்டர் காற்றில் ஈயத்தின் ஆண்டுச் சராசரி 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆர்செனிக்குக்கும் நிக்கலுக்கும் வரம்பு இருக்கிறது. காட்மியம், பாதரசம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ஆம் ஆண்டோடு நின்றது. இப்போதைய கவலை, காயலான் கடை வழியாகத் திருட்டு உலைக்குப் போகும் பழைய பேட்டரி. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆனால் பேட்டரித் தகட்டில் அப்பியிருக்கும் ஈயச் சேர்மப் பசையிலிருந்து ஈயத்தைப் பிரிக்க, கரி சேர்த்து அதைவிட மிக அதிகமாகச் சூடேற்ற வேண்டும். அப்போது எழும் ஆவி காற்றில் குளிர்ந்து, ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகளாகிறது. உலைக்கு மேல் புகையை உறிஞ்சும் கூண்டும் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டியும் இல்லாமல் புகைபோக்கியை மட்டும் உயர்த்தினால், விஷம் அடுத்த தெருவுக்குப் போகும். செனகலின் தியாராய் பகுதியில் பேட்டரி ஈயத்தால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள்.

கருவைப் பொறுத்தவரை ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஈயத்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைக்குறைவு, மூளை வளர்ச்சிப் பாதிப்பு ஆகியவை வரும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. பிறவி உறுப்புக் குறைபாடுகளுக்கான சான்று அந்த அளவுக்கு உறுதியானதல்ல. உடலில் சேரும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் தங்குகிறது. கர்ப்பக் காலத்தில் கால்சியத்தோடு அதுவும் இரத்தத்துக்கு இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது. பத்தாண்டுக்கு முன் உலையருகே வாழ்ந்தவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே அரசு தரும் கால்சியம் மாத்திரையை அலமாரியில் போட்டு வைக்கக் கூடாது. 500 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் கருவின் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாளில் மூடிக்கொள்கிறது, பலருக்குக் கர்ப்பம் தெரியும் முன்பே. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான். அது ஈய நச்சை முறிக்கும் மருந்தல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பேட்டரி, ஈயப் பட்டறைக்குப் போட்டுச் சென்ற உடையை அங்கேயே மாற்றிவிட்டு வருவது நல்லது. கர்ப்பிணி அதைத் துவைக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் சிரை இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைமுடிப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஈய மறுசுழற்சி ஆலைகளின் வேலியோரக் காற்றில் ஈயமும் ஆர்செனிக்கும் எவ்வளவு என்பதை, வடிதாள் எடுத்த தேதியோடு மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது, வீட்டில் யாராவது பேட்டரி, ஈய வேலைக்குப் போகிறார்களா என்ற ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழில்சார் நலவாழ்வுத் துறை வாசகர்கள்