நன்றி, முக்கியமாக மகளின் இடத்தில் ஆடிய பெண்ணுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

மகள் இனி கால்பந்து ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று மாலை அணியோடு சேர்ந்து முழுப் பயிற்சியும் செய்தாள். ஓடினாள், சட்டென்று திரும்பினாள், பந்துக்காக மோதினாள், ஒருமுறை விழவும் செய்தாள். அவள் விழுந்த நொடியில் எனக்கு உயிரே இல்லை. எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஓடிய பிறகுதான் மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முழங்கால் ஜவ்வு கிழிந்து மகள் படுத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பணத்துக்காக அலைந்த அலைச்சலும் தெரியும். அதை மறுபடி கிளற எனக்கு மனமில்லை. மொரீசியஸ் பெண்கள் அணிக்கும் இங்குள்ள மற்ற நண்பர்களுக்கும் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது தமிழில் படிக்கிறவர்களுக்கு. சென்னையில் எங்களைத் தாங்கியவர்களுக்கு, இங்கே கோவிலிலும் பள்ளியிலும் எங்களோடு நின்றவர்களுக்கு.

சென்னையில் அறுவை செய்த டாக்டர், இரவு முழுக்கக் காலுக்கு ஐஸ் மாற்றிக்கொண்டே இருந்த நர்ஸ் பிள்ளைகள், முன்பின் பார்த்திராத எங்களுக்குத் தம் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டு மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய குடும்பம், எங்கள் ஊர் காத்ர் போர்னில் என் வகுப்புகளைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்ட சக தமிழ் ஆசிரியர்கள், கேக்கும் கட்டோ பிமா என்கிற மிளகாய் வடையும் செய்து விற்றுப் பணம் சேர்த்த அணிப் பிள்ளைகள், கோவிலில் ஏழு கறிச் சாப்பாடு போட்ட அன்று உண்டியல் ஏந்திய பெரியவர்கள், ஒரு நாளும் காசு வாங்காத பிசியோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதினால் இந்த மடல் முடியாது. உங்கள் எல்லோர் காலிலும் விழுந்து கும்பிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒருத்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. மகள் படுத்த பிறகு மொரீசியஸ் அணியில் மகளின் இடத்தில், லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரியாக, ஆடிய பெண் அவள்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுக்கக் கிழிந்தால் அது தானாக ஒட்டுவது அரிது. ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் பெரும்பாலும் உடம்பிலேயே வேறு இடத்துத் தசைநாரை எடுத்து அங்கே வைத்துக் கட்டுகிறார்கள். மகளுக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தார்கள். அறுவை முடிந்து ஒன்பது மாதம் ஆவதற்குள் களத்தில் இறங்கினால் மறுபடியும் கிழிய வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். கால்பந்து ஆடும் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறுதல் சொல்ல நினைத்தவர்கள் எல்லோரும் ஸ்பெயின் ஆட்டக்காரி அலெக்ஸியா புதெயாஸின் கதையை அனுப்பினார்கள். 2022 யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள் அவருக்கு இதே ஜவ்வு கிழிந்தது, அடுத்த ஆண்டே திரும்பி வந்து ஸ்பெயினோடு உலகக் கோப்பையை வென்றார். உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் பார்சலோனா மாதிரி பெரிய கிளப் இருந்தது. எங்களுடையது பன்னிரண்டு பதின்மூன்று லட்சம் பேர் இருக்கிற தீவு. எங்கள் பெண்கள் பகலில் கடையிலும் ஆபீசிலும் ஹோட்டலிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பை தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறவர்கள். மகள் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு வராத ஆள் இல்லை. பழம் கொண்டு வந்தார்கள், விபூதி கொண்டு வந்தார்கள், எண்ணெய் கொண்டு வந்தார்கள். "பாவம், இந்த வயசுல" என்றார்கள். "படிப்பு இருக்கு, வேலை இருக்கு, பந்து போனா போகட்டும்" என்றார்கள். எல்லாமே அன்பில் சொன்னதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் போன பிறகு அவள் இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போவதை நான் பார்த்தேன். டிவியில் ஆட்டம் வந்தால் சேனலை மாற்றச் சொன்னாள். அணிப் பிள்ளைகள் வந்தாலும் பந்தைப் பற்றிய பேச்சே வராது. அவள் மனம் நோகக்கூடாது என்று அவர்கள் கவனமாக வேறு எதையாவது பேசுவார்கள்.

அப்படி ஒரு மாலையில்தான் இந்தப் பெண் வந்தாள். தெற்கே மாயேபூர் பக்கத்துப் பெண். கியூர்பிப் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ பிடித்து வந்திருக்கிறாள். இருவரும் வேறு வேறு கிளப்புக்காக ஆடியவர்கள், பெரிய சிநேகிதம் எல்லாம் கிடையாது. என்னைத் "தாந்தின்", அதாவது அத்தை, என்று கூப்பிட்டுக் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, நேரே உள்ளே போய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டாள். போன வாரம் அவள் ஆடிய ஆட்டம்.

"இதைப் பாரு. மூணு தடவை அவ என்னைத் தாண்டிப் போயிட்டா. நான் எங்கே நின்னிருக்கணும்?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் திக்கென்றது. இவ்வளவு நாளாக நாங்கள் எதை மூடி மூடி வைத்தோமோ அதை இந்தப் பெண் வந்த வேகத்தில் திறந்துவிட்டாளே என்று. அவள் அசரவில்லை. வீடியோவை நிறுத்தினாள், பின்னால் தள்ளினாள், மறுபடி ஓட்டினாள். "இங்கே. இந்த இடத்தில். நீயா இருந்தா என்ன செய்வே?"

கொஞ்ச நேரம் கழித்து மகள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

பிறகு இருவரும் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்ததைச் சொல்கிறேன். எதிரணி விங்கர், அதாவது ஓரமாக ஓடித் தாக்குகிறவள், வலப்பக்கம் ஆடுகிறவள், ஆனால் இடக்கால்காரி. அதனால் பந்தை உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து கோலைப் பார்த்து அடிக்கத்தான் பார்ப்பாள். "நீ அவளுக்கு நேரா நிக்கிறே. நேரா நிக்காதே. கொஞ்சம் சாய்ஞ்சு நின்னு உள்பக்கத்தை அடைச்சிடு. கோட்டோரமா ஓடினா ஓடட்டும், அங்கே அவளுக்கு நல்ல கால் இல்லே. காலைப் பார்க்காதே, பந்தைப் பாரு. அவசரப்பட்டுக் காலை நீட்டாதே." இதைச் சொல்லும்போது மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் மாறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு அவளை விடுகிறபோது மணி எட்டு. நான் மடித்துக் கொடுத்த தால் பூரியைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே வந்தாள். அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வந்தாள். எப்போதும் கையில் ஒரு கேள்வி இருக்கும். கார்னர் வரும்போது எந்தக் கம்பத்தில் நிற்பது, சென்டர் பேக் முன்னால் போய்விட்டால் யார் உள்ளே வருவது, மூச்சு வாங்கும்போது எங்கே ஓடாமல் இருக்கலாம். ஒருநாள் பிசியோ கொடுத்த பயிற்சியை மகள் செய்யாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் செய்றேன், சரியான்னு பாரு" என்று அவளே தரையில் படுத்துவிட்டாள். பக்கத்தில் மகளும் படுத்தாள்.

அணி வெளிநாட்டில் ஆடப் போயிருந்தபோது, ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஹோட்டலிலிருந்து போன் செய்தாள். குரலில் பயம் தெரிந்தது. எங்கள் பெண்கள் ஆப்பிரிக்கக் கண்டத்து அணிகளோடு மோதும்போது இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். 2019இல் கொசாஃபா என்கிற தென்னாப்பிரிக்கப் பகுதி நாடுகளின் போட்டியில் சாம்பியா நம் அணிக்கு 15 கோல் போட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தச் சாம்பியா இரண்டே ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனது, அங்கே அவர்களுடைய பார்ப்ரா பாண்டா நெதர்லாந்துக்கும் சீனாவுக்கும் எதிராக அடுத்தடுத்து ஹாட்ரிக் போட்டார். எப்பேர்ப்பட்ட அணியிடம் தோற்றோம் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது. மகள் போனில் சொன்னாள்: "பதினைஞ்சு வாங்கினவங்களும் அடுத்த மேட்சுக்கு ஷூவைக் கட்டிக்கிட்டு இறங்கினாங்க. நீ உன் பக்கத்தை மட்டும் பாரு." மறுநாள் போனில் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். தோற்றோம். ஆனால் இடப்பக்கத்தில் ஒரு தடவை அவள் சாய்ந்து நின்று, விங்கரைக் கோட்டோரமாக ஓடவிட்டு, பந்தை வெளியே தள்ளினாள் பாருங்கள், என் மகள் காலில் கட்டோடு சோபாவிலிருந்து கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்துவிட்டார்.

இதையெல்லாம் அவள் ஏன் செய்தாள் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். மகள் குணமாகி வந்தால் போகப்போவது அவளுடைய இடம்தான். அது இருவருக்கும் தெரியும். கேட்டுவிட்டேன் ஒருநாள். "அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அதான் கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பெரிதாக ஏதோ செய்ததாக அவளுக்கு எண்ணமே இல்லை. நாங்கள் எல்லோரும் என் மகளை நோயாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் லெஃப்ட் பேக்காகப் பார்த்தாள்.

என் அப்பா இருந்திருந்தால் இவளைப் பார்த்துக் கண் கலங்கியிருப்பார். அவர் தமிழ் கேடட்ஸ் அணியின் பக்தர். அவர் காலத்தில் இங்கே முஸ்லிம்களுக்கு ஸ்கவுட்ஸ், இந்துக்களுக்கு ஒரு கேடட்ஸ், நமக்கு ஒரு கேடட்ஸ், கிரியோல் மக்களுக்கு ஃபயர் பிரிகேட் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கிளப். மைதானத்தில் பாட்டும் மேளமும் பட்டாசும் அமர்க்களப்படும் என்று கண் மின்னச் சொல்வார். அந்தப் பிரிவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் அவரே பார்த்தார். 1999 மே 23 அன்று ஸ்கவுட்ஸ், ஃபயர் பிரிகேட் ஆட்டம் முடிந்து கலவரமாகி, போர்ட் லூயியில் லாமிக்கால் சூதாட்ட விடுதிக்குத் தீ வைத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லீக்கே நின்றுபோனது. மறுபடி தொடங்கியபோது ஊர்களின் பெயரில் கிளப்புகள் வந்தன. அப்பா அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போகவே இல்லை. இன்று அவருடைய பேத்தியின் கட்டிலில் ஒரு கிரியோல் வீட்டுப் பெண் உட்கார்ந்து தால் பூரி தின்றுகொண்டே ஆஃப்சைடைப் பற்றிச் சண்டை போடுகிறாள். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் சொல்லத் தோன்றுகிறது.

நேற்று பயிற்சியில் இருவரையும் எதிரெதிர் அணியில் போட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இவர்களில் யாரை எடுப்பார் என்று பயிற்சியாளர் இன்னும் சொல்லவில்லை. யாரை எடுத்தாலும் நான் போவேன், யார் ஆடினாலும் கத்துவேன்.

தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன், அது எங்கள் வீட்டுக் கடன். இன்னொன்றை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். பயிற்சி முடிகிற நேரத்துக்குக் கிராமப் பக்கம் போகும் பஸ் நின்றுவிடுகிறது. இருட்டில் எப்படி வருவாள் என்று பயந்து பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நின்றுபோன நல்ல ஆட்டக்காரிகளை எனக்கே தெரியும். என் காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. மகள் ஆடினாலும் ஆடாவிட்டாலும், இனிப் பயிற்சி நாட்களில் தெற்குப் பக்கம், மாயேபூர் வரை, பெண் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவேன். வேண்டியவர்கள் என்னிடம் சொல்லுங்கள். வடக்குப் பக்கத்துக்கு யாராவது கார் கொடுத்தால் இன்னும் நல்லது.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
ஓர் ஆட்டக்காரியின் அம்மா
காத்ர் போர்ன், மொரீசியஸ்