'முழுத் தொடர்' என்று விற்ற கேப்ரிகாவில் கடைசி ஐந்து அத்தியாயங்கள் இல்லை: புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: தங்கள் ஓடிடி தளத்தில் கேப்ரிகா தொடர் அரைகுறையாக இருப்பது, வாடிக்கையாளர் சேவையில் தவறான பதில் தந்து புகாரை மூடியது, தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் தங்கள் தளத்தின் ஆண்டுச் சந்தாதாரர். அறிவியல் புனைவுத் தொடர்களுக்கென்று தாங்கள் தனியாக விற்கும் கூடுதல் பேக்கையும் காசு கட்டி வாங்கியிருக்கிறேன். வாங்கியதற்கு ஒரே காரணம் கேப்ரிகா என்ற அமெரிக்கத் தொடர். அந்தத் தொடரின் பக்கத்தில் 'முழுத் தொடர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பவை 13 அத்தியாயங்கள். தொடரில் மொத்தம் 18. கடைசி ஐந்தும் இல்லை.

இதைத் தங்கள் வாடிக்கையாளர் சேவையிடம் சாட்டில் கேட்டேன். அந்தத் தொடர் பாதியிலேயே ரத்தாகிவிட்டது, அதற்கு மேல் அத்தியாயங்களே கிடையாது என்று பதில் வந்தது. நான் மறுத்து எழுதுவதற்குள் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது. அந்தப் பதில் உண்மையல்ல என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். கேப்ரிகாவின் தொடக்க அத்தியாயம் 2009 ஏப்ரலில் டிவிடியாக வெளிவந்தது. 2010 ஜனவரி 22 முதல் அமெரிக்காவின் சிஃபி சேனல் தொடரை ஒளிபரப்பியது. மார்ச் 26-ல் முதல் பாதி முடிந்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகு அக்டோபர் 5-ல் மறுபாதி தொடங்கியது. நான்கு வாரம் ஓடியது. அக்டோபர் 27-ல் சேனல் தொடரை ரத்து செய்து, மீதியிருந்த ஐந்து அத்தியாயங்களையும் அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டது. ரத்தானது ஒளிபரப்புதான். அந்த ஐந்தும் எடுத்து முடிக்கப்பட்டவை. கனடாவில் அந்த ஆண்டிலேயே தொலைக்காட்சியில் வந்தன. டிசம்பர் 21-ல் டிவிடியும் வந்தது. 2011 ஜனவரி 4-ல் சிஃபி சேனலே ஐந்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டது. தங்கள் தளத்தில் பட்டியல் எங்கே நிற்கிறது தெரியுமா? ரத்து அறிவிப்புக்கு முந்தைய நாள், அக்டோபர் 26 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில். அன்று அமெரிக்க ரசிகர்களுக்கு நடந்த அதே அநியாயத்தை இத்தனை ஆண்டு கழித்து, காசு வாங்கிக்கொண்டு, எங்களுக்குச் செய்கிறீர்கள்.

நான் இந்தத் தொடரை முன்பே டிவிடியில் முழுதாகப் பார்த்தவன். எனக்காக மட்டும் இதை எழுதவில்லை. வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடிப் பார்த்துவிட்டு, நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர் கூட்டம் எங்களுடையது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற மூலத்தொடரை முழுக்கப் பார்த்து முடித்தோம். அடுத்து அதன் முன்கதையான கேப்ரிகாவைப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். 'முழுத் தொடர்' என்ற தங்கள் வார்த்தையை நம்பி, என் பேச்சைக் கேட்டு, மற்றவர்களும் தனித்தனியாகச் சந்தா கட்டினார்கள். இப்போது அவர்கள் கதையின் நடுவில் நிற்கிறார்கள்.

ஐந்து அத்தியாயம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தோன்றலாம். வேறு பல தொடர்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். இதற்குப் பொருந்தாது. முன்கதை என்பது முடிவு தெரிந்த கதை. மனிதர்கள் படைத்த சைலான் இயந்திரங்கள் ஒரு நாள் திரும்பி வந்து அவர்கள் வாழும் பன்னிரண்டு காலனி உலகங்களையும் அழிக்கும் என்பது மூலத்தொடரின் முதல் இரவிலேயே, 2003-ல் வந்த குறுந்தொடரிலேயே, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னால் நடக்கும் கேப்ரிகாவில் நாங்கள் தேடுவது 'எப்படி' என்பதை. அந்த 'எப்படி'யின் பெரும்பகுதி தாங்கள் விட்டுவிட்ட ஐந்தில்தான் இருக்கிறது.

மூலத்தொடரில் மனிதர்கள் ஜீயஸ், ஹீரா, அதீனா, அப்பல்லோ என்று பல தெய்வங்களை வணங்குகிறார்கள். கோபல் என்ற ஆதி உலகில் தெய்வங்களோடு ஒன்றாக வாழ்ந்த மூதாதையரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று நம்புகிறார்கள். அவர்கள் செய்த இயந்திரங்களோ ஒரே கடவுளை நம்புகின்றன. படைத்தவனிடம் இல்லாத நம்பிக்கை படைக்கப்பட்டதிடம் எப்படி வந்தது? 2009-ல் மூலத்தொடர் முடியும்வரை இந்தக் கேள்விக்கு அரைகுறையாகத்தான் விடை கிடைத்தது. கடைசி சீசனில், இறுதி ஐவர் எனப்படும் மனித உருவச் சைலான்கள் வந்து சேர்ந்தபோதே உலோகச் சைலான்களிடம் அந்த நம்பிக்கை இருந்தது என்று ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான்.

ரெமி ஓபுஷானும் ரொனால்ட் டி. மூரும் சேர்ந்து உருவாக்கிய கேப்ரிகா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது. ஸோயி கிரேஸ்டோன் பெரும் பணக்காரத் தொழிலதிபரின் மகள், பள்ளி மாணவி. பல தெய்வ வழிபாடு நிறைந்த நகரத்தில் ரகசியமாக ஒரே கடவுளை நம்புகிறவள். ரயிலில் வெடிக்கும் தற்கொலைக் குண்டில் இறந்துபோகிறாள். ஆனால் அதற்குமுன் மெய்நிகர் உலகத்தில் தன்னைப் போலவே நினைக்கவும் பேசவும் தெரிந்த ஒரு பிரதியை உருவாக்கி வைத்திருக்கிறாள். அப்பா டேனியல் துக்கம் தாங்காமல் அந்தப் பிரதியை யூ-87 என்ற போர் இயந்திரத்துக்குள் இறக்குகிறார். முதல் சைலானுக்குள் இருப்பது ஏக இறை நம்பிக்கை கொண்ட ஒரு பதின்வயதுப் பெண்ணின் மனம். தொலைக்காட்சி அறிவியல் புனைவில் இவ்வளவு துணிச்சலான கற்பனையை நான் அதிகம் கண்டதில்லை.

எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றி நடந்த சண்டைகளைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். சைலான்களின் மதம் ஸோயி வழியாகத்தான் வந்தது, முதல் இயந்திரத்தின் நினைவே மற்றவற்றுக்கும் போயிருக்கும் என்பது ஒருவர் கட்சி. இன்னொருவர் அதை ஏற்கவில்லை. நினைவு வேறு, பக்தி வேறு. யாரோ உட்கார்ந்து போதித்திருக்க வேண்டும் என்கிறார். 12-ஆம் அத்தியாயத்தில், சிறுமியாக இருந்த ஸோயிக்குத் தீ விபத்தில் தன் முகத்தோடே ஓர் உருவம் தெரிகிறதே, அதை வைத்து ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். மூலத்தொடரில் விஞ்ஞானி பால்டருக்குத் தோன்றுவது போன்ற தெய்வத் தூது அது என்பது என் உறுதியான கருத்து. பயந்துபோன குழந்தையின் மனமயக்கம் என்பது நண்பர் ஒருவரின் கருத்து. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வாதங்களுக்கெல்லாம் தொடரே பதில் வைத்திருக்கிறது. பதில் 'அபோதியோசிஸ்' என்ற 18-ஆம் அத்தியாயத்தில், அதிலும் கடைசிச் சில நிமிடங்களில். பள்ளித் தலைமையாசிரியையாக வரும் கிளாரிஸ் வில்லோ மெய்நிகர் உலகில் சைலான்கள் முன்னால் நின்று பிரசங்கம் செய்கிறார். யார் போதித்தார்கள் என்ற கேள்விக்கு அதைவிட நேரான விடை மூலத்தொடரிலும் இல்லை. அதே கிளாரிஸ்தான் அதற்குமுன், விளையாட்டு அரங்கில் குண்டு வைத்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்று, அவர்களை மெய்நிகர் சொர்க்கத்தில் எழுப்புவதாகத் திட்டம் போட்டவர். அந்தத் திட்டத்தை முறியடிப்பவை சைலான்கள். மக்கள் அவற்றைக் காவலர்களாகக் கொண்டாடுகிறார்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் தங்களைக் கொல்லப்போகிறவற்றை நன்றியோடு வீட்டுக்குள் அழைத்தார்கள் என்பது இந்தப் புராணத்தின் மிகக் கொடிய திருப்பம். ஸோயிக்கு மனித உடலைப் போன்ற புது உடல் கிடைப்பதும், அவளுடைய தோழி லேசி ஜெமினான் என்ற காலனியில் மதத் தலைமைக்கு உயர்வதும் அங்கேதான். இரண்டாம் சீசன் வராமலே போனதால், முன்கதையையும் மூலத்தொடரையும் இணைப்பது அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. அதைத்தான் தாங்கள் கொடுக்கவில்லை.

இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. தங்கள் தளத்தில் 13-ஆம் அத்தியாயம் முடிந்ததும் 'அடுத்து' என்று தானாகவே ஓடத் தொடங்குவது 2012-ல் வந்த இன்னொரு முன்கதையான பிளட் அண்ட் குரோம். அது மனிதர்களுக்கும் சைலான்களுக்கும் நடந்த முதல் போரின் பத்தாம் ஆண்டில் நடக்கும் கதை. அதன் நாயகன் இளம் விமானி வில்லியம் ஆடாமா. கேப்ரிகாவில் வழக்கறிஞர் ஜோசப் ஆடாமாவின் மகனாக வரும் சிறுவன் வில்லிதான் வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறான் என்று பார்ப்பவர்கள் இயல்பாக நினைப்பார்கள். எங்கள் நண்பர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மை வேறு. விட்டுப்போன அத்தியாயங்களில் அந்தச் சிறுவன் சுடப்பட்டு இறந்துபோகிறான். பிற்பாடு ஜோசப்புக்குப் பிறக்கும் மகனுக்கு, இறந்த அண்ணனின் பெயர் வைக்கப்படுகிறது. நாம் மூலத்தொடரில் தளபதியாகப் பார்த்த வில்லியம் ஆடாமா அந்த இரண்டாவது மகன். ரசிகர்களிடையே மிக அதிகம் வாதிக்கப்பட்ட திருப்பம் இது. ஏமாற்று வேலை என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. பள்ளிச் சிறுவனின் வயதோடு 58 ஆண்டுகளைக் கூட்டினால் தளபதி எழுபதை நெருங்கியிருப்பார், மூலத்தொடரின் மனிதர் அப்படித் தெரியவில்லை. ஆடாமா குடும்பம் வந்த டாரான் காலனியின் சமூகத்தில் செத்தவர்களின் கடன் உயிரோடிருப்பவர்களைத் துரத்துவதை முதல் அத்தியாயத்திலிருந்தே பார்க்கிறோம். அந்த வீட்டில் இறந்தவனின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை வளர்வது கதையோடு பொருந்துகிறது. இதை ஏற்பதா மறுப்பதா என்பது பார்ப்பவர் முடிவு. ஆனால் தங்கள் தளத்தில் பார்ப்பவருக்கு அப்படியொரு மரணம் நடந்ததே தெரியாது. கதை குறைந்துபோனது மட்டுமல்ல, பொய்யான ஒரு கதை அவர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

சின்னச் சின்னதாக வேறு சிலவும் உண்டு. 'காலவரிசைப்படி பாருங்கள்' என்று முன்கதையை முதலில் பரிந்துரைக்கிறீர்கள். கேள்வியே எழாதவருக்கு விடையை நீட்டுவது அது, வெளிவந்த வரிசையே சரி. மூலத்தொடரின் கடைசி சீசன் குறிப்பில் மறைந்திருக்கும் சைலான் யார் என்பதைப் பெயரோடு அச்சிட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து நீக்குங்கள். மூலத்தொடரின் தொடக்க இசையில் காயத்ரி மந்திரம் ஒலிக்கிறது. அந்த இடத்தில் தங்கள் சப்டைட்டில் 'அயல்மொழிப் பாடல்' என்று காட்டுகிறது. இந்தியாவில் இயங்கும் நிறுவனம் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

நான் கேட்பது இவை. விட்டுப்போன ஐந்து அத்தியாயங்களையும், கடைசி அத்தியாயத்தின் இறுதி நிமிடங்களை வெட்டாமல், சேர்க்க வேண்டும். உரிமம் கிடைக்கவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, 'முழுத் தொடர்' என்ற வார்த்தையை இன்றே எடுத்துவிட்டு, '18-ல் 13 மட்டும்' என்று பக்கத்தில் போட வேண்டும். அந்த நிலையில் கூடுதல் பேக்குக்கு நான் கட்டிய தொகையைத் திருப்பித் தர வேண்டும்; இதே காரணத்துக்காகச் சந்தா கட்டிய மற்றவர்கள் கேட்டாலும் தர வேண்டும். ஐந்தும் வரும்வரை 13-ஆம் அத்தியாயத்திலிருந்து பிளட் அண்ட் குரோமுக்குத் தானாகத் தாவுவதை நிறுத்த வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களிடம் சரியான தகவலைக் கொடுங்கள். பதில் எழுதிய ஊழியர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு முன்னால் இருந்த திரையில் அப்படித்தான் இருந்திருக்கும்.

இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததைத் தாங்கள் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அதற்கு அவசியம் வராது என்று நம்புகிறேன். தங்கள் தளத்தில் இந்தத் தொடர் இருப்பதே எனக்கு மகிழ்ச்சி. வேறு யாரும் வாங்கி வைக்காத நேரத்தில் வாங்கி வைத்தீர்கள். அதை முழுதாகக் கொடுங்கள்.

தொடரின் பக்கம், அத்தியாயப் பட்டியல், சாட் உரையாடல், கட்டண ரசீது ஆகியவற்றின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூடப்பட்ட புகாரின் எண் சாட் படத்தில் இருக்கிறது. புது எண் போடாமல் அதே புகாரைத் திறந்து, எழுத்து மூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆண்டுச் சந்தாதாரர்