அந்தப் பாராட்டு என்னுடையதன்று: ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

சென்ற மாதம் நான் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள், விமானப் படையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் ஓடுபாதையிலேயே இன்ஜின் செயலிழந்த கிரண் ஜெட் விமானத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் துணிந்து முடிவெடுத்து நிறுத்தியவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். சபை நாகரிகம் கருதி மேடையில் மறுக்காமல் இருந்துவிட்டேன். வீடு திரும்பியது முதல் அது உறுத்திக்கொண்டே இருப்பதால், அன்று உண்மையில் முடிவெடுத்தவருக்கும் உழைத்தவர்களுக்கும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதமாக, இந்த மடலை எழுதுகிறேன்.

அது மே மாதத்து முற்பகல். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், அதனுடன் ஜெட் இன்ஜினின் உந்துவிசையும் குறையும் என்பதால், மார்கழியில் எழும்பும் இடத்தையெல்லாம் தாண்டி விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்குச் சக்கரத்தைத் தூக்க நான் ஆயத்தமான நொடியில் ஒரு கரும்பருந்து இடப்புறமிருந்து தாழ்வாகக் குறுக்கே வந்தது. பட்டென்று ஓர் அடி விழுந்தது. தொடர்ந்து முதுகுக்குப் பின்னால் யாரோ சம்மட்டியால் தட்டுவதுபோன்ற ஓசை கேட்டது. கருகிய இறைச்சியின் வாடை காக்பிட்டுக்குள் பரவ, ஜெட் குழாய் வெப்பமானியின் முள் மளமளவென்று ஏறியது. வேகம் அப்போது 85 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 157 கிலோமீட்டர்.

அந்த எண்ணில்தான் சிக்கலே இருந்தது. கிரண் 1964இல் முதன்முதலாகப் பறந்த வடிவம். ஆபத்தில் விமானியைத் தன்னோடு வெளியே தூக்கி எறியும் அதன் வெளியேற்று இருக்கையும் அந்தக் காலத்தது. தரைமட்டத்தில் அது விமானியைக் காப்பாற்றக் குறைந்தது 90 நாட் வேகமாவது வேண்டும். பின்னாளில் வந்த ஹாக் விமானத்தில் உள்ளதுபோல, நின்ற இடத்திலிருந்தே பாராசூட் விரியும் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் இருக்கை எங்களுக்கு இல்லை. எழும்ப விசையும் இல்லை, வெளியேற வேகமும் இல்லை என்ற நிலையில் நிற்பது ஒன்றே வழி. வேகம் 70 நாட்டிலிருந்து 100 நாட்டுக்கு ஏறினால் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் இரு மடங்காகிவிடுவதால், அந்த வழியும் நொடிக்கு நொடி அடைபட்டுக்கொண்டே போகும்.

அந்த நொடியில் நான் செய்தது தயங்கியதுதான். வலப்புற இருக்கையில் இருந்த என் பயிற்றுநர் 'க்ளோஸ்' என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார். என் கை தானாக, இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை மூடியது. அப்படித் தானாக நகரும் கையை அவர் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கியிருந்தார். கண்ணைக் கட்டிவிட்டு காக்பிட்டின் ஒவ்வொரு விசையையும் தொட்டுக் காட்டச் சொல்வார். தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போது, 'அறுபது நாட், இன்ஜினில் தீ, என்ன செய்வாய்?' என்பார், விடை சொல்லி முடிக்கும்வரை தேநீர் ஆறும். எழும்பிய பின் இன்ஜின் நின்றால் ஓடுபாதையை நோக்கித் திரும்பவே கூடாது, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும், முன்னால் இறங்க இடமில்லையென்றால் வெளியேற வேண்டும் என்பதை அவர் எத்தனை முறை சொல்லவைத்தார் என்று எண்ணியதில்லை. அப்போது அவரை நான் மனத்துக்குள் திட்டியதுண்டு. ஐயா, அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

த்ராட்டிலை மூடிய பிறகும் எங்கள் சோதனை முடியவில்லை. நான் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்ததில் இடப்புற டயர் வெடித்து, விமானம் அந்தப் பக்கமே இழுத்தது. எஞ்சிய ஓடுபாதை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தபோது, அதன் கோடியில் நைலான் தடுப்பு வலை எழுந்து நிற்பதைக் கண்டேன். பயிற்றுநர் வானொலியில் 'பேரியர்' என்று கேட்கும் முன்பே கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த அலுவலர் அதை எழுப்பிவிட்டிருந்தார். பருந்து மோதியபோது இன்ஜின் கக்கிய புகையை அவர் பார்த்திருக்கிறார். வலைக்கு ஏறக்குறைய நூறு தப்படி முன்னால் நின்றோம். வலை தேவைப்படவில்லை என்று பிறகு சிலர் சொன்னதுண்டு. அது அங்கே நிற்கிறது என்ற தெம்பில்தான் எஞ்சிய ஒற்றைப் பக்க பிரேக்கை நான் நிதானமாக அழுத்தினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தீயணைப்பு வண்டி எங்கள் பின்னாலேயே வந்து நின்றது. பக்கவாட்டில் ஒருவர்கூட நெருங்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடேறிய சக்கரம் வெடித்தால் அதன் துண்டுகள் பக்கவாட்டில்தான் பாயும் என்பதால், முன்புறமாகவே அணுகினார்கள். கண்ணாடிக் கூரை திறந்ததும், வெளியேற்று இருக்கை தவறுதலாக இயங்காமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசிகளைச் செருக முயன்றேன். விரல்கள் நடுங்கி ஊசி துளையில் இறங்கவில்லை. ஏறி வந்த வீரர் ஒருவர் என் கையின்மேல் தம் கையை வைத்து, 'ஏக்... தோ...' என்று எண்ணியபடி ஒவ்வோர் ஊசியாகச் செருகவைத்தார். அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவரது கையுறையின் முரட்டுத்தனம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பறவைகளை விரட்டும் குழுவினரையும் இங்கே நினைக்கிறேன். அன்று விடியுமுன்னே ஓடுபாதை நெடுக நடந்து, புல்வெளியில் இருந்த ஆள்காட்டிகளை விரட்டியிருந்தார்கள். பருந்து வந்ததில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டக் கூடாது, திறந்த வெளியில் இறைச்சி வெட்டக் கூடாது என்று விமான விதிகள் சொல்கின்றன. மதிலுக்கு வெளியே அதை யார் மதிக்கிறார்கள்? திட்டு மட்டும் மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு விழுகிறது.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரெசரின் வளைந்த தகடுகளை எனக்குக் காட்டி, வேறு இன்ஜின் பொருத்தி, அந்த விமானத்தை மீண்டும் பறக்கவைத்த தொழில்நுட்பப் பிரிவினருக்கும், என்னைப் பரிசோதித்து மறுநாளே பறக்கலாம் என்று கையெழுத்திட்ட மருத்துவருக்கும் நன்றி.

மறுநாள் காலை, அதே பயிற்றுநருடன் வேறொரு கிரணில் ஏறினேன். தரைப் பணியாளர் வழக்கம்போல் தோள்பட்டை வார்களை இழுத்து இறுக்கினார். இருக்கை ஊசிகளை உருவி, ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். முந்தைய நாளைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. பிறகு இன்னொரு முறை வாரை இழுத்துப் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கினார். அந்த இரண்டாவது இழுப்புக்காக அவருக்கும் என் நன்றி.

என்றும் கடப்பாட்டுடன்,
ஓய்வு பெற்ற விமானப் படை அலுவலர் ஒருவர்