அண்ணாச்சியின் பற்று நோட்டு

ஏற்காடு

அன்புள்ள ராஜுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் பனிக்குத் தக்கபடி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை டெய்லர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கான கணக்கை நீ ஊருக்கு வரும்போது நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தார் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கிறார்கள். ஊர் தங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறது என்பது அவர்களுக்கும் எட்டியிருக்க வேண்டும். சென்ற சனிக்கிழமை மாலை எல்லோரும் வந்து இலவசமாக ருசி பார்க்கலாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரையே அழைத்தார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது என்று தேநீர்க் கடையில் உரக்கப் பேசியவர்களில் பாதிப் பேரை அங்கே வரிசையில் கண்டேன். நீ இருந்திருந்தால் கேக் வைத்திருந்த மேசையை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய்.

குறை சொல்வதற்கென்றே நான் போகவில்லை. கடை சுத்தமாக இருக்கிறது, விலை எழுதி ஒட்டியிருக்கிறது, நம் ஊர்ப் பெண்கள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் காபி மேசையில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். எஸ்டேட்டில் பழம் பறிக்கும் அம்மா ஒருவர், விரல் நுனிகளில் பறிப்புக் கறை போகாத கையில் காகிதக் குவளையை வாங்கி, முதலில் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, அப்படியே மேசைமீது திரும்ப வைத்துவிட்டார். "இதுல காப்பி எங்கே இருக்கு?" என்று குவளையை நீட்டிய கடைப் பெண்ணிடம் அவர் கேட்டது கேலிக்காக அல்ல, உண்மையாகவே கேட்டார். நான் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன்: காபி 53 விழுக்காடு, சிக்கரி 47 விழுக்காடு. கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம் என்பதால், அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை 1820களில் கொண்டுவந்து நட்டதிலிருந்து காபியிலேயே பிழைக்கும் மலையில், அதைப் பறிக்கும் கைக்கே பாதி சிக்கரியைக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்கிறார்கள் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மேலாளரிடம், மலைக் கிராமங்களில் விளையும் காபிக்கும் மிளகுக்கும் ஒரு தட்டாவது ஒதுக்கக் கூடாதா என்று கேட்டேன். மரியாதையான பையன், கொள்முதல் எல்லாம் தலைமை அலுவலகத்தில் முடிவாவது, தனக்கு அதிகாரம் இல்லை என்றான்.

இருந்தாலும் என் கவலை காபியைப் பற்றியது அல்ல, நம் மளிகைக் கடை அண்ணாச்சி கடன் எழுதும் பற்று நோட்டைப் பற்றியது. பறிப்பு முடிந்து வேலை குறையும் மாதங்களில் தோட்டத்துக் குடும்பங்கள் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்குவது அந்த நோட்டில் எழுதித்தான்; அடுத்த பறிப்பில் வாரக் கூலி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அந்தக் கடனை அவர் தாங்குவதற்குக் காரணம், ரொக்கம் கொடுத்து வாங்கும் நம்மைப் போன்றவர்களும், விடுதிக்காரர்களும், கோடை விழாவுக்கு வரும் கூட்டமும்தான். இந்த ரொக்கம் முழுவதும் புதுக் கடைக்குப் போய்விட்டால் அண்ணாச்சியிடம் கடன்காரர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். கடன்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கடையும் ஓர் ஆண்டு தாண்டாது. அந்தக் கடை மூடினால் ஆடி மாதத்தில் அந்த அம்மாவுக்கு யார் அரிசி கொடுப்பார்கள்? கணினியில் ரசீது போடும் இடத்தில் "அப்புறம் தருகிறேன்" என்று சொல்ல முடியாது, ராஜு. 2012இல் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழகத்தில் இடமில்லை என்று மாநில அரசு மறுத்தது. நாமும் நிம்மதியாக இருந்துவிட்டோம். இவர்கள் உள்நாட்டு நிறுவனத்தார். அந்தத் தடை இவர்களைத் தொடாது.

ஆகவே வேறு வழி தேடினோம். இங்குள்ள கடைக்காரர்கள் இன்றுவரை கீழே சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மொத்தச் சந்தையில் ஆளுக்கு இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று தனித்தனியே வாங்கி, தனித்தனி வண்டி வாடகை கொடுத்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற்றி வருகிறார்கள். விலையில் அவர்கள் தோற்பது பெரும்பாலும் இதில்தான் என்பது என் எண்ணம். எல்லோரும் சேர்ந்து ஒரே கொள்முதலாக எடுத்து ஒரே லாரியில் ஏற்றினால், மொத்த விலையும் குறையும், வாடகையும் பங்காகும். அதோடு, மலைக் கிராமத்து மிளகையும் சிக்கரி கலக்காத காபித்தூளையும் எல்லாக் கடைகளிலும் முன் வரிசையில் வைக்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தானே கேட்கிறார்கள்! இதைச் சொன்னதும் அண்ணாச்சியின் முகத்தில் வந்த தெளிச்சியை நீ பார்த்திருக்க வேண்டும். அவருடைய மகன் கணக்கு எழுத ஒப்புக்கொண்டிருக்கிறான். மேல் தெருக் கடைக்காரர் மட்டும், பணம் யார் கையில் இருக்கும் என்பது தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்; அவர் கேட்பதும் நியாயமே.

கூட்டுறவுத் துறையில் இத்தனை காலம் தணிக்கை பார்த்தவன் நீ. சங்கமாகப் பதிவு செய்வது நல்லதா, கூட்டுப் பங்காக எழுதிக்கொண்டால் போதுமா, சரக்குப் பணத்தை யார் பெயரில் வங்கியில் போடுவது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் விவரமாக எழுது. கோடைக் கூட்டம் மலை ஏறுவதற்குள் முதல் லாரி வந்து சேர வேண்டும். மாசி பிறப்பதற்குள் உன் பதிலை எதிர்பார்க்கிறேன். கைபேசியில் இரண்டு வரி அனுப்பித் தப்பித்துக்கொள்ளாதே. மேல் தெருக்காரரிடம் நான் காகிதத்தைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சேகரன்