மறைக்கிறவன் முகவரி கொடுப்பானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இணையக் குற்றங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இணையத்தில் யார் எதைப் பார்க்கிறார் என்று பிறருக்குத் தெரியாமல் காக்கும் டோர் வலையமைப்புக்காக வீட்டில் சேர்வர் நடத்துபவர்கள் எதையோ மறைக்க வேண்டியவர்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. 2006இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டிக் கிடந்து, கடதாசி இல்லாமல் நீங்கள் பக்கங்களைக் குறைத்து அச்சடித்த நாள்களிலும் வரிசையில் நின்று உங்கள் பத்திரிகையை வாங்கியவன் நான். அந்த வரியை உங்கள் தாளிலேயே வாசிக்க நேர்ந்தது மிகவும் நோகிறது.

கோண்டாவிலில் என் வீட்டு முன்னறையில், புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில், 2021இல் இருந்து ஒரு டோர் ரிலே, அதாவது மற்றவர்களின் தகவலை வாங்கிக் கைமாற்றி விடும் சேர்வர், ஓடுகிறது. உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி, அவ்வளவுதான். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான ரிலேக்களை இப்படிச் சம்பளமில்லாமல் ஆட்கள் ஓட விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் ஐபி முகவரியும் பகிரங்கப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் மணிக்கொரு தரம் புதிதாக வெளிவருகிறது. என்னுடையதற்குக் கீழே என் மின்னஞ்சலையும் நானே போட்டிருக்கிறேன். மறைக்கிறவன் முகவரி கொடுப்பானா? அந்தப் பட்டியலில் இருக்கிற காரணத்துக்காக ஒரு வங்கியின் இணையத்தளம் என் வீட்டு இணைப்பில் திறக்க மாட்டேன் என்கிறது. மாதத்தில் இரண்டு தரம் சைக்கிளில் ரவுணுக்குப் போய்க் காசு அலுவல் பார்க்கிறேன்.

கட்டுரையாளர் ஒருவரையாவது கேட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். டோரில் ஒருவருடைய தகவல் மூன்று ரிலேக்களைக் கடந்து போகும். முதலாவதற்கு வந்தவர் யார் என்று தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசிக்குப் போகிற இடம் தெரியும், ஆளைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. என்னுடையது அந்த நடு ரிலே. எந்த இணையத்தளத்தையும் அது நேரே தொடுவதில்லை.

யாருக்கு இது தேவை என்று கேட்டிருக்கிறார். இதை உங்கள் பத்திரிகையில் கேட்பதா? 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் நிமலராஜன் தன் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தன் பெயரோடு செய்தி அனுப்பிய மனிதர். அந்த நாள்கள் எப்படி இருந்தன என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை மறித்தார்களே, அன்று காலை பக்கத்து வீட்டு அக்கா கனடாவில் இருக்கும் மகளுக்கு ஒரு செய்தி அனுப்ப முடியாமல் படலையில் வந்து நின்றார். டோர் உலாவியில் முகநூலைத் திறந்து கொடுத்தேன். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது நீங்களே அதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினீர்கள். வெட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம், இதை ஓட விடுவது சும்மா வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது. புது ரிலேயை வலையமைப்பு உடனே நம்புவதில்லை. முதல் சில நாள்கள் சொட்டுச் சொட்டாகத்தான் போக்குவரத்து வரும். விடாமல் ஓடினால்தான் ‘நிலையானது’ என்ற அடையாளம் கிடைக்கும். என்னுடையது ஓரளவு நிரம்ப இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாள்களில் ஒரு இரவு கரண்ட் வந்ததும் பார்த்தேன். சிவப்பு லைட் எரிகிறது, பச்சை மினுங்கவேயில்லை. மெமரி காட் செத்துவிட்டது. வலையமைப்பு ரிலேயை இனங்காணும் அடையாளச் சாவி என்ற கோப்பும் அதற்குள்தான் இருந்தது. சாவி போனால் அது வேறு ரிலே, திரும்ப முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது சாவியின் பிரதி ஒரு பென் டிரைவில், காணி உறுதியோடு அலுமாரியில் இருக்கிறது.

இணைப்புக் கம்பனிக்கு அடித்தால், "ஐயா, ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ" என்பதே எந்தக் கேள்விக்கும் மறுமொழி. போன வருடம் வயர் பார்க்க வந்த தம்பி என்னைக் கேட்காமலே பிளக்கை இழுத்துவிட்டார். 71 நாள் நிற்காமல் ஓடிய ரிலே. "இப்ப திரும்ப வரும்தானே ஐயா" என்றார். வரும்தான். ஆனால் அந்த நேரம் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த எல்லாருடைய இணைப்பும் அறுந்துவிட்டது. அமைப்பில் ஏதும் மாற்றினால்கூட நான் ரிலேயை நிறுத்துவதில்லை, ஓடும்போதே புது அமைப்பை வாசிக்க வைக்கும் ரீலோட் மட்டும்தான் செய்வேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் என்றாலும் சரி. மற்றது, மின்தடை அறிவித்தலை அதே நாள் காலையில் போடாமல் ஒரு நாள் முந்திப் போடுங்கள். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரும்போது எட்டு மணி தாண்டிவிடும், கரண்ட் எட்டரைக்கே போய்விடுகிறது. முறைப்படி நிறுத்தச் சொன்னால் டோர் புது இணைப்புகளை எடுக்காமல், இருப்பவர்கள் முடிப்பதற்கு 30 வினாடி பொறுத்துத்தான் நிற்கும். முதல் நாளே தெரிந்தால் அதற்கு ஆயத்தமாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோண்டாவில்.