அம்பாசடர் ஆயில் கசிவுக்கு கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசடரை ஆசையாக வாங்கிப் பராமரிப்பவர்கள் இன்று கூடியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டைத் துடைத்து, பேக்கிங் மாற்றி ஏற்றுகிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் சொட்டுகிறது. பல வண்டிகளில் கோளாறு அங்கே இல்லை, இன்ஜின் மூச்சுவிடும் வழியில் இருக்கிறது.

அம்பாசடரின் 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய மரைதான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. சம்ப்புக்குள் (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) காற்றழுத்தம் ஏறிவிட்டால் அந்த மரையால் ஆயிலைத் தடுக்க முடியாது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயுதான், பட்டறை மொழியில் 'பேக் கம்ப்ரஷன்', அந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது. புது இன்ஜினிலும் அது கொஞ்சம் இருக்கும். (பிற்காலத்து இசுசூ இன்ஜின் வண்டிகளின் அமைப்பு வேறு, அவற்றுக்கு இது பொருந்தாது.)

இந்த வாயு வெளியேற, சைடு கவரிலிருந்து ஒரு குழாயைத் தரையை நோக்கி இறக்கியிருக்கிறார்கள். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அதை இழுக்க வேண்டும் என்பது கணக்கு. சிக்னலில் நிற்கும்போது இழுக்க ஏது காற்று? மணிக்கு 40 கி.மீ.க்குக் கீழே அந்த இழுப்பு பெயருக்குத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். அதில் ஒரு பங்கு சம்ப்புக்குள் தங்கி, ஆயிலோடு கலந்து, ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பசையாகப் படிகிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வண்டிகளில் இது அதிகம். அப்படி ஸ்டார்ட் செய்வதைவிட, அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டி ஆயிலைச் சூடாக்குவது நல்லது.

எதையும் மாற்றுமுன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த இன்ஜினுக்கு, கீழே சொல்லும் பி.சி.வி. வால்வும் கைகொடுக்காது. ரிங் நன்றாக இருந்தால், ஆயில் மூடியையும் சைடு கவரையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, குழாயில் கம்பி விட்டுக் கரியை எடுங்கள். கார்க் பேக்கிங் புதிதாகப் போடுங்கள். போல்ட்டை இறுக்கித் தள்ளினால் தகடு வளைந்து அங்கேயே கசியும். பல வண்டிகளில் இவ்வளவே போதும்.

போதாவிட்டால் பி.சி.வி. வால்வு, அதாவது சம்ப்பு வாயுவை இன்ஜினே உறிஞ்சி எரிக்கும்படி வழிவிடும் வால்வு. கலிபோர்னியாவில் 1960-களிலேயே புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய்) இழுப்பு பலமாக இருக்கும்போது வழி சுருங்கும். வண்டி ஓடும்போது விரியும். பேக் ஃபயர் (நெருப்பு மேனிஃபோல்டுக்குள் திரும்பி வெடிப்பது) வந்தால் மூடிக்கொள்ளும். சிலர் வால்வே இல்லாமல் சைடு கவரையும் மேனிஃபோல்டையும் வெறும் ஹோஸால் இணைத்துவிடுகிறார்கள். இது ஆபத்து. ஐடிலிங் கெடும், பிளக் ஆயிலில் நனையும், பேக் ஃபயர் நெருப்பு நேராகச் சம்ப்புக்குள் போகும்.

வால்வை 1000 முதல் 1500 சிசி வரையுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் காருக்கு உரியதாக வாங்குங்கள். குலுக்கினால் 'கடகட' என்று சத்தம் வர வேண்டும். மேனிஃபோல்டில் துளை போட வேண்டாம். கார்புரேட்டருக்கு அடியில் 10 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை, மேலும் கீழும் பேக்கிங் வைத்துப் பொருத்தி, அதில் நிப்பிள் வைத்தால் நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் போகும். வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். பானெட் இடிக்கிறதா, ஆக்ஸிலரேட்டர் ராடு தடையின்றி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சைடு கவரை வெட்டாமல் பழைய ஸ்பேர் ஒன்றில் குழாயைச் சுருக்கி, ஹோஸை மேல்நோக்கி ஏற்றுங்கள். நடுவில் ஓர் ஆயில் பிரிப்பான் டப்பா வேண்டும். அதற்குள் ஸ்டீல் வுல் திணித்தால் இழை அறுந்து இன்ஜினுக்குள் போகும். எவர்சில்வர் ஸ்கிரப்பர் வையுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் கூடாது. ஆயில் பட்டு ஊறி, உறிஞ்சும்போது சப்பிப்போகும். புதுக்காற்று ஏர் ஃபில்டரிலிருந்து மேல் டாப்பெட் கவர் வழியே வர வேண்டும். அந்த வழி அடைத்திருந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

சரியாக இழுக்கிறதா என்று அறிய, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபே போதும். கரங்கள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி 'U' வடிவில் தொங்கவிட்டு, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் ஸ்டிக் துளையில் காற்று புகாமல் செருகுங்கள். ஐடிலிங்கில் இன்ஜின் பக்கத் தண்ணீர், மறுபக்கத்தைவிட 25 முதல் 75 மி.மீ. வரை மேலே நின்றால் சரி. கீழே இறங்கினால் அழுத்தம் இன்னும் இருக்கிறது. 150 மி.மீ.யைத் தாண்டினால் புதுக்காற்று வழியைச் சோதியுங்கள். இல்லாவிட்டால் பின்பக்க மரை வழியே தூசியை உள்ளே இழுக்கும்.

பி.சி.வி. வால்வு போட்டதும் மிக்ஸ்சர் லீன் ஆகும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), மறுபடி டியூனிங் அவசியம். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் லீனாகத்தான் எரிகிறது. இரண்டும் சேர்ந்தால் இன்ஜினின் வால்வு சீட் கருகும் அளவுக்குச் சூடேறலாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளிர் பழுப்பு சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் கார்புரேட்டர் ஜெட்டைக் கூட்டுங்கள். அதன்பின் ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் ஐடிலிங்கில் பி.சி.வி. வால்வு ஹோஸைக் கிள்ளிப் பிடியுங்கள். இன்ஜின் வேகம் சற்றுக் குறைய வேண்டும். குறையாவிட்டால் வால்வு அடைத்திருக்கிறது. கழுவிப் பார்க்காமல் புதிது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக்குகள் சிலர்,
கோயம்புத்தூர்.